11வது ஒப்படைப்பு எங்கே போனது?

தேக்கா நிலையத்துக்கு அருகே, சிராங்கூன் சாலையில் 65ஆம் எண் பேருந்துக்காகக் காத்திருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசிச் செயலி ‘3 நிமிடம்’ என்கிறது. பக்கத்தில் நிற்கும் நண்பர் வேறொரு செயலியைத் திறக்கிறார். அதிலும் அதே 3 நிமிடம். வெவ்வேறு குழுவினர் எழுதிய இரண்டு செயலிகள் ஒரே விடையைச் சொல்வது எப்படி?

இரண்டும் ஒரே இடத்தில் கேட்கின்றன. நிலப் போக்குவரத்து ஆணையம் ‘டேட்டாமால்’ என்ற பெயரில் தன் தரவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தின் 5 இலக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால், அடுத்த பேருந்து எப்போது வரும், அதில் உட்கார இடம் உண்டா, நிற்கத்தான் முடியுமா என்ற விவரம் திரும்பி வரும். அந்தப் பதிலில் படமோ வண்ணமோ இருக்காது. பெயரும் அதற்குரிய மதிப்புமாக வெறும் எழுத்துகள்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அழகுபடுத்துவது செயலியின் வேலை.

ஒரு நிரல் இன்னொரு கணினியிடம் இப்படி முறையாகக் கேட்டுப் பதில் வாங்குவதற்கான ஏற்பாட்டுக்குப் பெயர் ஏபிஐ, அதாவது நிரலாக்க இடைமுகம். இணையப் பக்கம் மனிதர் கண்ணுக்கு, ஏபிஐ நிரல்களுக்கு.

பேருந்துக்குச் செய்வதைப் பாடங்களுக்கும் செய்யலாம். 2018 முதல் நம் பள்ளிகள் பயன்படுத்தும் ‘எஸ்எல்எஸ்’ என்ற மாணவர் கற்றல் தளம் உங்களுக்குப் பழக்கமானது. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே படித்தபோது எல்லாரும் அதில்தான் குடியிருந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போனால் தளம் மாறும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1998இல் ‘ஐவிஎல்இ’ என்ற தளத்தைத் தானே உருவாக்கியது. அதற்கு ஏபிஐயும் இருந்ததால், மாணவர்கள் அதை வைத்துத் தங்களுக்கு வேண்டிய செயலிகளை எழுதினார்கள். பிறகு ‘லுமிநஸ்’ வந்தது. 2022 முதல் ‘கேன்வாஸ்’. ஒவ்வொரு முறை தளம் மாறும்போதும் பழைய ஏபிஐயை நம்பி எழுதிய நிரல்கள் நின்றுபோகும். மாணவர்கள் மறுபடி எழுத வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? ஐந்து பாடங்கள் எடுக்கும் ஒரு மாணவரை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆசிரியர் குறிப்புகளை வாரவாரியாக அடுக்குகிறார். இன்னொருவர் தலைப்புவாரியாக. மூன்றாமவர் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டிவிடுகிறார். தேர்வுக்கு முந்தைய இரவு ஒவ்வொன்றாகச் சொடுக்கித் தேடுவதைவிட, ஒரு சிறு நிரலை எழுதி, ஐந்து பாடங்களின் கோப்புகளையும் ஒப்படைப்புத் தேதிகளையும் ஒரே பட்டியலாக வரவழைப்பது மேல்.

கேன்வாஸ் அதற்கு இடம் தருகிறது. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அடையாள எண். பாடத்துக்குள் ‘மாட்யூல்’ எனப்படும் அலகுகள். ஒவ்வோர் அலகுக்கும் எண், வரிசையில் அதன் இடம், திறக்கும் நேரம். அலகுக்குள் கோப்பு, பக்கம், புதிர், ஒப்படைப்பு என்று உருப்படிகள். உருப்படி என்பது கோப்பே அல்ல, கோப்பைச் சுட்டும் ஒரு சீட்டு மட்டுமே. நூலக அட்டவணையைப் போல. அதனால் ஒரே கோப்பை இரண்டு அலகுகளில் காட்டலாம், நகல் தேவையில்லை. அடுக்கை மாற்றுவது என்றால் சீட்டுகளின் வரிசை எண்ணை மாற்றுவதுதான்.

இனி தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு மாணவர் ‘இந்தப் பாடத்தின் ஒப்படைப்புகளைக் கொடு’ என்று கேட்கும் நிரலை எழுதுகிறார். 10 ஒப்படைப்புகள் வருகின்றன. நிரல் பிழை எதுவும் காட்டவில்லை. எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் 14 இருக்கின்றன! நாம் வேறு எண்ணிக்கை கேட்காவிட்டால் கேன்வாஸ் ஒரு தடவைக்கு 10 மட்டுமே தரும். ‘அடுத்த பக்கம் இங்கே’ என்ற முகவரியைப் பதிலின் தலைப்பகுதியில் வைத்துவிடும். அதைப் படித்து மறுபடி கேட்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. டேட்டாமாலும் இப்படித்தான்: பேருந்து நிறுத்தங்களின் பட்டியலைக் கேட்டால் ஒரு முறைக்கு 500 வரும். கத்திக் கூச்சல் போடும் பிழையைவிட இப்படி மௌனமாக இருக்கும் பிழைதான் ஆபத்து என்பது என் கருத்து. 11வது ஒப்படைப்புக்கு மதிப்பெண் போன பிறகுதான் அது தெரியவரும்.

அடுத்த பொறி நேரம். கெடு 15:59 என்றும் கடைசியில் ‘இசட்’ எழுத்தும் இருந்தால், மாலை 3.59 என்று பதறாதீர்கள். அந்த ‘இசட்’ உலகப் பொது நேரத்தைக் குறிக்கும். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், உண்மையான கெடு இரவு 11.59. ஆசிரியருக்கும் இதே சிக்கல் உண்டு. நள்ளிரவு 12 மணிக்குத் திறக்க வேண்டிய அலகுக்கு 00:00 ‘இசட்’ என்று எழுதிவிட்டால், அது காலை 8 மணிக்குத்தான் திறக்கும்.

ஆசிரியர்களுக்கு ஏபிஐ இன்னும் பெரிய உதவி. ஒரு பருவத்துக்கு 13 வாரப் பாடம் என்றால், 13 அலகுகளைக் கையால் உருவாக்கி, பெயரிட்டு, தேதி போட வேண்டும். நிரலில் ஒரு சுழல் போதும்: வாரத்துக்கு 7 நாள் கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் தேசியப் பல்கலைக்கழகத்தில் 6வது வாரத்துக்குப் பிறகு ஒரு வாரம் விடுப்பு. அதை மறந்தால், முதல் வாரத்திலிருந்து 49 நாள் கழித்துத் திறக்க வேண்டிய 7வது வாரப் பாடம் 42ஆம் நாளே திறந்துவிடும். அதற்குப் பிறகு வருபவை அனைத்தும் ஒரு வாரம் முந்தும். கையால் செய்தால் ஒரு தவறு. நிரலால் செய்தால் அதே தவறு ஏழு முறை. அதனால் அனுபவசாலிகள் முதலில் ஒரு காலிப் பாடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையான பாடத்தைத் தொடுவார்கள்.

கடைசியாக, சாவி. உங்கள் பாடங்களைக் கேட்பது நீங்கள்தான் என்று கேன்வாஸ் எப்படி நம்பும்? ‘டோக்கன்’ எனப்படும் நீண்ட எழுத்துச் சரத்தை நிரல் ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும். அது கையில் கிடைத்தவர் உங்கள் பெயரில் மதிப்பெண்களைப் பார்க்கலாம், ஒப்படைப்பைக்கூட அனுப்பலாம். கடவுச்சொல்லுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நிரலுக்குள்ளேயே டோக்கனை எழுதி, அந்த நிரலைக் ‘கிட்ஹப்’பில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவது தொடக்க நிலையில் பலர் செய்யும் தவறு. டோக்கனைத் தனிக் கோப்பில் வையுங்கள், காலாவதித் தேதி கொடுங்கள், கசிந்தது என்று சந்தேகம் வந்தால் உடனே ரத்து செய்யுங்கள். இறக்கிய பாடக்குறிப்புகள் ஆசிரியரின் உழைப்பு என்பதால் அவற்றை வெளியே பரப்பவும் கூடாது.

சாவி இல்லாமல் பழகிப் பார்க்கவும் வழி உண்டு. ‘நஸ்மாட்ஸ்’ என்பது தேசியப் பல்கலைக்கழக மாணவர்களே தொடங்கி நடத்திவரும் கால அட்டவணைத் தளம். அதன் ஏபிஐ எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பாடக் குறியீடு ஒன்றைக் கொடுத்தால் பாடத்தின் பெயர், வகுப்பு நேரம், தேர்வு நாள் எல்லாம் வரும். பள்ளி விடுமுறையில் ஒரு மாலை உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த மூன்று பாடங்களின் தேர்வு நாள்களை வரிசைப்படுத்தும் நிரலை எழுதிப் பாருங்கள். தேர்வு நேரத்தின் முடிவில் ‘இசட்’ இருந்தால் 8 மணி நேரத்தைக் கூட்ட மறக்க வேண்டாம்.