‘வியப்பன்று’ என்னும் சொல்

திருமுறை விரிவுரைகளிலே இறைவன் அருட்செயல் ஒன்றைக் கூறி, ‘எல்லாம் வல்லானுக்கு இது வியப்பன்று’ என முடித்தல் பெருவழக்கு. அச்சொல் எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பொருந்தாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வியப்பைத் தொல்காப்பியனார் மருட்கை என்பர். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என மெய்ப்பாட்டியலுட் கூறினார். ஆக்கமாவது ஒன்று மற்றொன்றாய்த் திரிதல். இந்நான்கனுள் ஒன்றும் இல்வழியே ‘வியப்பன்று’ என்றல் அமையும்.

இனி, ‘அன்று’ என்பது ஒரு பொருளின் தன்மையை மறுக்கும். ‘இல்லை’ என்பது இன்மையை உணர்த்தும். ஆகலின், ‘இது வியப்பன்று’ என்பது பொருளின் இயல்பறிந்து கூறுவது. ‘எனக்கு வியப்பில்லை’ என்பது காண்பான் உள்ளத்தே அவ்வுணர்வு எழாமையைக் கூறுவது. முன்னையது தெளிவால் வருவது. பின்னையது பழகிய மடிமையாலும் வரும். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதலே குற்றமாம்.

இதனை ஒரு வரலாற்றில் வைத்துக் காண்போம். கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி வட்டத்திலே பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடமும், நிவா நதிக்கரையில் திருநெல்வாயில் அரத்துறையும் உள்ளன. தூங்கானைமாடத்தை வழிபட்ட திருஞானசம்பந்தப் பிள்ளையார், தாதையார் தோளினின்றும் இழிந்து, சேவடி நோவ அரத்துறை நோக்கி நடந்தருளினார்; மாறன்பாடியில் இரவு தங்கினார். அன்றிரவே இறைவன் அரத்துறை அடியார் கனவில் தோன்றி, முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் பிள்ளையார்க்கு அளிக்கப் பணித்தருளினான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

ஐந்தொழிலும் இயற்றுவானுக்கு ஒரு சிவிகை அளித்தல் புதுமையுமன்று, பெருமையுமன்று. அப்பெண்ணாகடத்தே தோன்றிய மெய்கண்டதேவர், சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தில், தோன்றி நின்று ஒடுங்கும் உலகிற்கு வினைமுதல் உண்டென நிறுவினார். அவ்வினைமுதலின் ஆற்றலை உணர்ந்தார்க்கு அவன் செயல் வியப்பன்று என்பது தெளிவாம். ஆயின், அத்துணைப் பெரியோன், கேளாது நடந்த ஒரு மகவின் அடிநோவை எண்ணி இரவே முற்பட்டான் என்பது வியப்பன்றோ? பதியின் ஆற்றலை நோக்க வியப்பன்று. அவ்வாற்றல் பசுவின்பால் இரங்கி இழிந்துவரும் எளிமையை நோக்க வியப்பே.

மணிவாசகப் பெருமானும் அதிசயப்பத்திலே இறைவன் வன்மையை அதிசயமென்றிலர். தம்மை ஆண்டு அடியரிற் கூட்டியதனையே அதிசயமெனக் கண்டனர். மலத்தாற் கட்டுண்டது சிவத்தொடு கூடியது என்னும் ஆக்கம் ஆண்டு நிலைக்களனாயிற்று.

ஆதலின், ‘இறைவனுக்கு இது வியப்பன்று’ எனக் கூறும் நா, ‘எமக்கோ இது பெருவியப்பு’ எனவும் உடன் கூறுக. முன்னையது மட்டும் கூறின் அறிவு நிற்கும், அன்பு உலரும். பின்னையதும் கூறுமிடத்தே இரண்டும் ஒருங்கு விளங்கும். அன்பர்கள் இதனை ஓர்ந்து கொள்வாராக.