கண்மாயும் முக்கோண வலையும்
(மூன்றாமாண்டு, கணிதவியல்)

வலை என்றதும் எங்கள் மம்சாபுரத்தில் மீன் வலையே நினைவுக்கு வரும். முடிச்சுகள் எங்கெங்கே உள்ளன, எந்த முடிச்சோடு எது சேர்கிறது என்னும் இரண்டும் தெரிந்துவிட்டால், வலையைப் பாராமலே அதைப் பின்னிவிடலாம். கணிப்பொறியில் மேடு பள்ளங்களைப் படமாக்கும் முறையும் இதுவே. சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கண்மாயை இவ்வாறு படமாக்க முயன்றபோது நான் கற்றதை இங்கே கூறுகிறேன்.

பழைய கலை

நிலத்தை முக்கோணங்களால் அளப்பது நம் நாட்டுக்குப் புதியதன்று. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணங்கள் எழும். இவ்வாறே இந்தியா முழுவதும் வலை விரிந்தது. சமவெளியில் உயரமான புள்ளி வேண்டுமே! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குத் தியோடலைட் என்னும் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி பழுதுபட்டது. ஒரு நல்ல புள்ளிக்காக அவர்கள் பட்ட பாடு அது.

நாங்கள் அளந்த விதம்

மார்கழியில் கண்மாய் நிறைந்திருந்தது. நானும் நண்பர்களும் லாரி டியூபில் மிதந்தபடி, முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தோம். இடத்தைக் கைப்பேசி குறித்தது. கரையோரம் நெருக்கமாக அளந்தோம். நடுவிலோ, குளிராலும் அச்சத்தாலும், தொலைவு தொலைவாக அளந்தோம். பின்னர் வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்துப் பென்சிலால் முக்கோணங்களாக இணைத்தேன். 1934-இல் சோவியத் கணித அறிஞர் போரிஸ் தெலோனே கூறிய முறைப்படி மென்பொருளே இவ்வேலையைச் செய்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கோப்பில் இருப்பது என்ன?

அறிவியல் படங்களுக்கான வி.டி.கே. என்னும் நிரல் தொகுப்பின் வேலை 1993-இல் தொடங்கியது. அதன்மேல் எழுந்தது பாராவியூ மென்பொருள். அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடமும் 2000-இல் தொடங்கிய இது இலவசமாகவே கிடைக்கிறது.

அதற்கான வலைக் கோப்பில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. முதலாவது புள்ளிகள்: ஒவ்வொன்றுக்கும் கிழமேல், தென்வடல், உயரம் என மூன்று எண்கள். ஆழத்தைக் குறையெண்ணாக எழுதினேன். இரண்டாவது இணைப்புகள்: ஒரு சதுரத்தை இரண்டு முக்கோணமாக்கினால் '3 0 1 2' என்றும் '3 0 2 3' என்றும் எழுதுவோம். முதலில் நிற்கும் 3 முனைகளின் எண்ணிக்கை. மற்றவை புள்ளிகளின் வரிசை எண்கள். மூன்றாவது வலைக்கண்ணின் வகை: முக்கோணத்துக்கு 5, நாற்கரத்துக்கு 9, நான்முகிக்கு 10.

இங்கே வரிசை 0-விலிருந்து தொடங்குகிறது, ஓ.பி.ஜே. வகைக் கோப்பிலோ 1-இலிருந்து. இதை அறியாத நான் 1-இலிருந்து எண்ணிவிட்டேன். எல்லா முக்கோணங்களும் ஒரு புள்ளி தள்ளிப்போயின. கடைசி முக்கோணம் இல்லாத புள்ளியைக் கேட்டது. மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டது. இரண்டு இரவுகள் இதிலேயே கழிந்தன.

பெரியவர் கண்ட பிழை

திருத்திய பின் வந்த படம் வழவழப்பான தாம்பாளம்போல் அழகாயிருந்தது. மடையைக் கவனிக்கும் நீர்ப்பாய்ச்சிப் பெரியவரிடம் பெருமையோடு காட்டினேன்.

"தம்பி, இங்ஙன கரம்பை அள்ளுன பள்ளம் ஒண்ணு கெடக்கே, அது எங்கப்பா?" என்றார்.

"அப்படி ஒண்ணும் தெரியலையே தாத்தா."

"ஒனக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிற பிள்ளைக அங்ஙனதான குளிக்குதுக!"

மறுநாள் அங்கே கயிற்றை இறக்கினோம். ஆளை மூழ்கடிக்கும் ஆழம்! எங்கள் புள்ளிகளுக்கிடையே, ஒரே பெரிய முக்கோணத்துக்குள் அப்பள்ளம் முழுவதும் அடங்கிக் கிடந்தது. மூன்று முனைகளிலும் ஆழம் குறைவு. ஆகவே நடுவிலும் குறைவுதான் என்று மென்பொருள் சீராக நிரப்பிவிட்டது. முனைகளில் உள்ளதைப் பகிர்ந்து கொடுப்பதன்றி அது வேறொன்றும் அறியாது.

அவ்விடத்தில் மேலும் பதினொரு புள்ளிகளை அளந்து சேர்த்தோம். படத்தில் பள்ளம் தெரிந்தது. கண்மாயிலோ, பள்ளத்துக்கு நேரே கரையில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம்.

நண்பர்களே! வண்ணப் படத்தைக் கண்டு மயங்குமுன், முக்கோணங்களின் ஓரக்கோடுகளையும் காட்டும்படி செய்து பாருங்கள்; பாராவியூவில் அதற்கு வழியுண்டு. முக்கோணம் பெரிதாயிருக்கும் இடமே நாம் அளக்காத இடம். அங்கே படம் சொல்வது வெறும் ஊகமே. அவ்விடத்தை அறிந்த ஒருவரை, முதலில் கேட்டுவிடுவோமாக!