ஹீட்டரில் காற்று ஏன் வருவதில்லை?

வெள்ளகோவிலில் பழைய கார் வைத்திருப்பவரிடம், "உங்கள் வண்டியில் ஹீட்டர் வேலை செய்கிறதா?" என்று கேட்டால் அவர் சிரிப்பார். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஹீட்டர் எதற்கு? ஆனால், அதே கார் மார்கழி மாதத்தில் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி உதகைக்கு ஏறும்போது அந்தச் சிரிப்பு மறைந்துவிடும். வெளியே கடுங்குளிர். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருக்கின்றன. உள்ளே ஐந்து பேர். சற்று நேரத்தில் முன்கண்ணாடி முழுவதும் வெண்மையாக மங்கிப் போகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பேருந்து தெரிவதில்லை. ஹீட்டரைப் போட்டால் விசிறி இரைகிறது. காற்று மட்டும் வருவதில்லை!

இக்குறையை ஊரில் இருக்கும்போதே கண்டறிந்து சரிசெய்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

கண்ணாடி மங்குவது ஏன்?

நாம் விடும் மூச்சில் நீராவி உண்டு. காற்று எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 9 கிராம் நீராவியையே ஏற்கும். 20 டிகிரியில் 17 கிராம் வரை ஏற்கும். காருக்குள் உள்ள ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் மிகுதியான நீராவி சிறு துளிகளாகப் படிகிறது. வெளிக்காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியின் மேல் வீசினால், அது கண்ணாடியையும் சூடாக்கும். ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஆகவே சூடு மட்டும் போதாது, காற்றோட்டமும் வேண்டும்.

காற்று செல்லும் வாய்க்கால்

முன்கண்ணாடியின் அடியிலுள்ள சல்லடை வழியாக வெளிக்காற்று நுழைகிறது. ஊதுவிசிறி அதைத் தள்ளுகிறது. எஞ்சினிலிருந்து வரும் வெந்நீர் ஓடும் சிறிய ரேடியேட்டர் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைக் கடக்கையில் காற்று சூடேறுகிறது. பிறகு தடுப்புப் பலகைகள் அக்காற்றைக் கண்ணாடிக்கோ, முகத்திற்கோ, காலுக்கோ திருப்பிவிடுகின்றன.

பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டத்தின் கடைமடைப் பகுதிகளுள் வெள்ளகோவிலும் ஒன்று. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் உழவர் என்ன செய்வார்? மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பு உண்டா, நடுவில் உடைப்பு உண்டா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார். நாமும் அவ்வாறே செய்வோம்.

காற்று குறைவா, சூடு குறைவா?

முதலில் இதைப் பிரித்தறிய வேண்டும். காற்று வேகமாக வந்தும் சூடு இல்லையென்றால் குறை வெந்நீர்ப் பக்கம் இருக்கிறது. சமவெளியில் எஞ்சின் கொதிக்கிறது என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உண்டு. அவ்வாறு செய்தால், குளிரான மலைப் பகுதியில் எஞ்சின் நீர் போதிய சூட்டை அடைவதில்லை. வெறும் கிணற்று நீரையே ஊற்றி வந்தால், துருவும் உப்புப் படிவும் சிறு ரேடியேட்டரின் குழாய்களை அடைத்துவிடும்.

காற்றே குறைவாக வந்தால், காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

விசிறியின் குரல்

விசிறி பலமாக இரைந்தும் காற்று வரவில்லையா? வழியில் அடைப்பு இருக்கிறது. காற்று வடிகட்டி உள்ள வண்டியானால், அதைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் விசிறியை ஓட்டிப் பாருங்கள். காற்று பெருகினால் குற்றவாளி வடிகட்டியே. நூற்பாலைகளும் விசைத்தறிகளும் நிறைந்த ஊரில் மண் தூசியோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்து, கம்பளிபோல அதில் படிந்துவிடும். பல பழைய வண்டிகளில் வடிகட்டியே கிடையாது. அவற்றில் அத்தூசி குளிர்சாதனத்தின் தகடுகளிலும் சிறு ரேடியேட்டரிலும் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். புளிய மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் பொடி இலைகள் சல்லடைக்குள் விழுந்து மண்டும். உள்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாற்றியதும் காற்று பெருகினால், அடைப்பு வெளிச் சல்லடைப் பக்கமே.

காலடியில் மட்டும் காற்று வந்து கண்ணாடிக்கு வரவில்லையானால், தடுப்புப் பலகையை இழுக்கும் கம்பி கழன்றிருக்கலாம்.

உச்ச வேகத்தில் மட்டும் விசிறி ஓடுகிறதா? வேகத்தைக் குறைக்கப் பயன்படும் மின்தடை எரிந்திருக்கும். பல வண்டிகளில் இத்தடையைக் காற்று செல்லும் வழியிலேயே பொருத்தியிருப்பார்கள். ஓடும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் இதற்குக் காற்று கிடைக்காது. மோட்டார் இறுகிச் சுழன்றால் மின்னோட்டம் கூடும். அடைப்பையும் மோட்டாரையும் கவனிக்காமல் தடையை மட்டும் மாற்றினால், புதியதும் எரிந்துபோகும்.

எல்லா வேகத்திலும் விசிறி மந்தமாகச் சுழல்கிறதா? மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அல்லது மின்னிணைப்பில் துரு ஏறியிருக்கலாம். துருப்பிடித்த ஓர் இணைப்பின் தடை 0.2 ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால் 2 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 12 வோல்ட்டில் 10 வோல்ட்தான் மோட்டாருக்கு எஞ்சும். வீணான 20 வாட் மின்திறன் அந்த இணைப்பைச் சுட வைக்கும். வயரைத் தொட்டால் சுடுகிறது என்று மெக்கானிக் சொல்வதன் பொருள் இதுவே.

எச்சரிக்கைகள்

மின்னிணைப்பில் கை வைக்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். பியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள பியூசையே போட வேண்டும். பருத்த கம்பியைச் சுற்றினால் வண்டியே தீப்பற்றக்கூடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும், காலடி விரிப்பில் ஈரமும் கண்டால் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று அறியலாம். குளிருக்காக மூடிய காரில் எஞ்சினை ஓடவிட்டு உறங்கவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைக் குடிப்பது.

மலைப்பாதையில் விசிறி நின்றுவிட்டால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடையுங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சற்று இறக்கி வையுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும்.

அடுத்த முறை உதகைக்குப் புறப்படுமுன், வீட்டு வாசலிலேயே ஹீட்டரைப் போட்டு, முன்கண்ணாடியின் அடியிலுள்ள துளையருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் படபடத்தால் கவலையின்றிப் புறப்படலாம். அசையாமல் தொங்கினால், முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். மலையில் நம் கண்ணுக்கு வழி காட்டுவது அந்தக் காற்றுதான்.