கார் போனது, பெயர் போனதா?

தவணை பாக்கி. கடன் கொடுத்த கம்பெனி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டது. "தொல்லை விட்டது" என்று சும்மா இருந்துவிடலாமா?

கூடாது! கார்தான் போயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் சொந்தக்காரர் இன்னும் நீங்கள்தான்.

சொந்தக்காரர் ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்க மறுத்தாலோ, தலைமறைவானாலோ, கம்பெனி தன் பெயருக்குப் புது ஆர்.சி. கேட்கலாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 51-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் ஆர்.டி.ஓ. முதலில் உங்களுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நீங்கள் பதில் சொல்லலாம்.

காரை விற்ற பிறகும், பதிவில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

ஆகவே, காரை ஒப்படைத்த தேதியைப் போட்டு ரசீது வாங்குங்கள். பெயர் மாறிவிட்டதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.