ஆறு அமர்வுக்கு இருபது நாள் கூலி

2024 செப்டம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல், இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை 1,350 ரூபா ஆக்கியது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபா கழிந்தது. கையில் நின்றது 1,242. மனச்சோர்வுக்கு உளவளத்துணை தேடிப் போகும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை இந்த 1,242ஐ அளவுகோலாக வைத்தே இங்கே பார்க்கிறேன். ரூபாவில் மட்டும் சொன்னால் கொழும்புக் கணக்கும் தோட்டக் கணக்கும் ஒன்றுபோலத் தெரியும். நாட்கூலியில் சொன்னால்தான் பாரம் தெரியும்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் களனி கங்கையாகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பொல்பிட்டிய. 1969இல் 75 மெகாவாட் திறனோடு தொடங்கிய நீர்மின் நிலையத்தால்தான் வெளியூரார் இந்தப் பெயரை அறிவார்கள். நிர்வாகத்தில் இது நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவ பக்கம். பிரதேச செயலகம் இருப்பது கினிகத்தேனையில். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பகமுவ பிரிவில் மட்டும் 2 இலட்சத்து 5 ஆயிரத்துக்கு மேல் மக்கள். அன்று மாவட்டம் முழுவதற்கும் 7,11,644 பேர். பிரிவுகள் ஐந்தே ஐந்து. பிறகு பிரிவுகளைப் பிரித்தார்கள். எல்லைக்கோடு மாறினாலும் மக்கள் அதே மலைகளில்தான் இருக்கிறார்கள்.

முதலில் தேவை. உலகச் சனத்தொகையில் சுமார் 3.8 வீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இது உலகச் சராசரி. கடன், கசிப்பு, பத்தடி லயக்காம்பராவில் மூன்று தலைமுறை, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போன தாய் என்று இருக்கும் தோட்டத்துக்கு இது குறைந்த மதிப்பீடு என்பதே என் எண்ணம். 2019ஆம் ஆண்டு வீட்டு வருமானச் செலவின ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். ஆனாலும் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2 இலட்சத்து 5 ஆயிரத்தில் 3.8 வீதம் என்றால் ஏறத்தாழ 7,800 பேர். இவர்களில் பத்தில் ஒருவர் மட்டும் வாய் திறந்து உதவி கேட்டால் 780 பேர். ஆளுக்கு ஆறு அமர்வு என்றால் ஆண்டுக்கு 4,680 அமர்வு.

ஓர் உளவளத்துணையாளர் ஒரு நாளில் ஐந்து பேரை உருப்படியாகக் கேட்கலாம். அதற்கு மேல் போனால் ஆறாவது ஆளுக்குக் காது மட்டும்தான் இருக்கும். மாதம் 22 நாள் என்றால் 110 அமர்வு, ஆண்டுக்கு 1,320. ஆகவே 4,680க்கு மூன்றரை ஆள், அதாவது நான்கு பேர் வேண்டும். ஆனால் நேரம் குறித்தவர்கள் எல்லோரும் வரமாட்டார்கள். கொழுந்து கொட்டுகிற சித்திரை, வைகாசியில் ஞாயிறும் வேலை இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். லயத்தில் சாவு விழும். பத்தில் மூவர் வரவில்லை என்று வைத்தால் நால்வரும் சேர்ந்து ஆண்டுக்குக் கேட்கக்கூடியது 3,696 அமர்வு. அது 616 பேருக்குப் போதும். மிச்சம் 164 பேர் காத்திருக்க வேண்டும்.

இந்த நால்வரும் தனித்தனியாக நான்கு இடத்தில் பலகை மாட்டுவதா, ஹட்டனிலோ கினிகத்தேனையிலோ ஓரிடத்தைச் சேர்ந்து எடுப்பதா? கீழே வரும் வாடகை, சம்பளம், பஸ் செலவு எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம். உதவியாளரின் சம்பளம் மட்டும் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 30,000. அதன்மேல் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் முதலாளி கட்டவேண்டும்.

சேர்ந்து நடத்தினால், மாதத்துக்கு:
வாடகை, இரண்டு அறையும் காத்திருக்கும் இடமும்: 40,000
உதவியாளர் ஒருவர்: 34,500
மின்சாரம், தண்ணீர், தொலைபேசி: 10,000
மேற்பார்வை: 20,000
மொத்தம்: 1,04,500. நால்வருக்குப் பிரித்தால் தலைக்கு 26,125.

தனியாக நடத்தினால், மாதத்துக்கு:
வாடகை, ஓர் அறை: 20,000
உதவியாளர்: 34,500
மின்சாரம் முதலியன: 6,000
மேற்பார்வை: 20,000
மொத்தம்: 80,500.

உளவளத்துணையாளரின் கைக்கு மாதம் 60,000 ரூபா நிற்கவேண்டும் என்று வையுங்கள். இது பெரிய சம்பளம் இல்லை. பட்டமோ டிப்ளோமாவோ முடித்துத் தமிழில் பேசும் ஒருவரைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகவிடாமல் மலையில் நிறுத்த இதற்குக் கீழே போக முடியாது. பத்தில் மூவர் வராத மாதத்தில் 77 அமர்வு நடக்கும். தனியாக நடத்துபவர் ஓர் அமர்வுக்கு 1,825 ரூபா வாங்கினால்தான் கட்டும். சேர்ந்து நடத்துபவருக்கு 1,120 போதும். வித்தியாசம் 705 ரூபா, அரை நாள் கூலிக்கும் கூட. நாட்கூலியில் சொன்னால் தனியாளிடம் ஒன்றரை நாள். சேர்ந்த இடத்தில் ஒரு நாளுக்கும் சற்றுக் குறைவு.

மேற்பார்வை என்ற 20,000ஐப் பார்த்ததும் வெட்டலாம் என்று தோன்றும். பட்டியலில் கடைசியாக வெட்டவேண்டியது அதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூத்த உளவியலாளரோ மனநல வைத்தியரோ வந்து உட்கார்ந்து, யாருக்கு மருந்து வேண்டும், யாரை டிக்கோயா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும், எந்தக் கதையைக் கேட்டுக் கேட்பவரே உடைந்து நிற்கிறார் என்று பார்க்கிற செலவு அது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். தனியார் இடம் அதற்குப் போட்டியாக வரக்கூடாது, அங்கே போகும் வழியாக இருக்கவேண்டும். இந்த நாட்டில் இந்த இணைப்பு எவ்வளவு முக்கியம் என்று 1995 சொல்லும்: அந்த ஆண்டு இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டும் அதற்கு முன்னும் பின்னுமாகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு வீதம் 70 வீதம் இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையே ஏறத்தாழ 93,000 உயிர் காக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இல் நீங்கியது. உயிர் தப்பியவர்களின் துக்கத்தைத் தடைச்சட்டம் ஆற்றாது. அதற்கு உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டும். இன்றிரவே ஆள் வேண்டும் என்று இருப்பவர்களுக்கு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும், வேறோர் அமைப்பின் 1333 என்ற இலக்கமும் இருக்கின்றன, தமிழிலும் பேசலாம்.

இதுவரை எழுதியது கடைக்காரர் பக்கத்துக் கணக்கு. வருகிறவர் பக்கத்துக் கணக்கில்தான் விஷயம் தலைகீழாகிறது.

பொல்பிட்டிய பக்கத் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்குப் பஸ் ஏறினால் அன்றைக்கு மலைக்கு வேலைக்குப் போக முடியாது. செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் விழாது. 1,242 போயிற்று. முதலாளி பக்கத்து 15 வீதமும் அன்றைக்குச் சேராது. அந்த 202 ரூபா 50 சதத்தை நான் சேர்க்கவே இல்லை; அது ஓய்வுகாலத்தில் தெரியும் நட்டம். கல்யாணமாகாத பெண்ணையோ, நாலு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிற மனைவியையோ தனியே அனுப்பமாட்டார்கள். கூட ஒருவர் போகவேண்டும். அவருக்கும் பேர் விழாது. பஸ்ஸும் தேத்தண்ணியும் ஆளுக்கு 300 என்று வைப்போம்.

ஓர் அமர்வுக்கு:
கட்டணம்: 1,120
இருவரின் நாட்கூலி: 2,484
இருவரின் பஸ், தேநீர்: 600
மொத்தம்: 4,204 ரூபா.

ஆறு அமர்வுக்கு 25,224. நாட்கூலியில் 20 நாள். ஒரு நாளில் பறிக்கவேண்டிய நோம் 18 கிலோ என்று வைத்தால் 360 கிலோ பச்சைக் கொழுந்து. மாதம் 25 நாள் முழுதாகப் பேர் விழுந்தாலே கையில் 31,050தான். அதில் 81 வீதம் இதற்கே போய்விடும்.

கட்டணத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். முற்றிலும் இலவசம் என்றாலும் ஆறு அமர்வுக்கு 18,504 ரூபா செலவாகும். மொத்தத்தில் கட்டணம் 27 வீதம் மட்டுமே. மீதி 73 வீதம் நாளும் பஸ்ஸும். இலவச கிளினிக்குக்கு இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாம் தடவை வராதவர்களை “அக்கறை இல்லை” என்று எழுதிவைப்பவர்கள் இந்த 73 வீதத்தைப் பார்க்கவேண்டும். அந்தப் பெண்ணுக்கு அக்கறை இருக்கிறது. அவளிடம் இல்லாதது ஒவ்வொரு தடவைக்கும் கூலியிலும் பஸ்ஸிலும் போகும் 3,084 ரூபா.

கூலி ஏற ஏற, இழக்கும் நாளின் விலையும் கூடும் என்பது இன்னொரு சிக்கல். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் 620 ரூபா நாட்கூலியில் 140 ரூபா வருகைக்கான கொடுப்பனவு. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அது கிடைத்தது. 25 நாளில் 19 நாள் வரவேண்டியிருந்தது, ஆறு நாள்தான் தவறலாம். மாதவிடாய் வலி, பள்ளிக்கூடக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாம் அந்த ஆறுக்குள். 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டமும் நாட்கூலியை 1,550 ஆக்கி, அதன்மேல் அரசாங்கம் நாளுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகை சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. கூலி உயர்வு வேண்டும், அதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் வருகையோடு கட்டிய பணம், சுகவீனமான நாளின் விலையையும் ஏற்றிவிடுகிறது.

ஆகவே நால்வர் சேர்ந்த இடத்தின் உண்மையான லாபம் வாடகை மிச்சத்தில் இல்லை. மூவர் டவுனில் இருக்கும்போது நான்காமவர் தோட்டத்துக்குப் போகலாம். தனியாக நடத்துபவர் கதவைப் பூட்டினால் அன்றைய வருமானம் பூச்சியம். சேர்ந்தவர்கள் கதவைப் பூட்டத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கி, அமர்வுக்கு 50 நிமிடம் வைத்தால் ஐந்து பேரைக் கேட்டுவிட்டு ஒன்றேகாலுக்குள் எழும்பலாம். இடம் எது என்பதில்தான் கவனம் வேண்டும். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். பெருமூச்சு விட்டாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். டிஸ்பென்சரிக்குப் போனால் என்ன வருத்தம் என்று நாலு பேர் கேட்பார்கள். வேலை நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராதான் பொருத்தம். அங்கே தாய்மார் போய்வருவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆட்டோ போக வர 3,000 என்றால் ஐந்து அமர்வுக்குப் பிரித்து 600. கட்டணத்தோடு 1,720. துணைக்கு ஆள் வேண்டாம், பேர் இழக்கவேண்டாம், பஸ் வேண்டாம். ஆறு அமர்வுக்கு 10,320. டவுனுக்குப் போயிருந்தால் 25,224. ஓர் ஆட்டோவால் 14,904 ரூபா மிச்சம்.

ஆறு அமர்வில் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு கோவா பதில் சொல்லும். 2017இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வோடு வந்த 495 பேரை எடுத்தார்கள். உளவியல் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறிலிருந்து எட்டு அமர்வு நடத்தினார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் போனவர்களில் 64 வீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களில் 39 வீதம். வித்தியாசம் 25. நால்வருக்கு நடத்தினால் ஒருவர் கூடுதலாக எழும்புவார். நம் கணக்கில் நாலு 10,320, அதாவது 41,280 ரூபா. 33 நாள் கூலிக்கு ஒரு ஆள் எழுந்து வேலைக்குப் போகிறார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் போடும் ஒவ்வொரு டொலருக்கும் நான்கு டொலர் திரும்பிவரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. முதலாளிமாருக்கு அந்த எண்ணைச் சொல்லலாம். எனக்கு 33 நாள் போதும்.

10,320ஐ யார் கட்டுவது? அந்தப் பெண் அல்ல. 1912இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் காலத்திலிருந்து தோட்டத் தொழிலாளியின் வைத்தியப் பொறுப்பில் தோட்டத்துக்குப் பங்கு இருக்கிறது. இது புதிய சுமை அல்ல. 500 தொழிலாளர், 2,000 குடியிருப்பாளர் உள்ள தோட்டம் ஒன்றை எடுங்கள். ஆளுக்கு, வேலை நாளுக்கு, கம்பனி ஒரு ரூபா ஒதுக்கினால் மாதம் 12,500, ஆண்டுக்கு 1,50,000. அதே குறைந்த மதிப்பீட்டில் 2,000 பேரில் 76 பேருக்கு மனச்சோர்வு. பத்தில் ஒருவர் வந்தால் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கு 82,560. 48 அமர்வு, பத்து ஞாயிறு. மிச்சம் 67,440 இருக்கும். ஆறு அமர்வு போதாதவர்களுக்கும், குடியை விட முயல்கிறவர்களுக்கும், சாதாரண தரப் பரீட்சையில் தவறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அது உதவும். 1,350இல் ஒரு ரூபா.

ஒரு நிபந்தனை உண்டு. கம்பனி பணம் கட்டினால் யார் போனார்கள் என்று கந்தோருக்குத் தெரியக்கூடாது. தொழிற்சங்கச் சந்தா கழிப்பதுபோல இதையும் செக்ரோலில் ஆள்பெயருக்கு எதிரே எழுதினால், அடுத்த ஞாயிறு பிள்ளைக் காம்பராவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். நால்வரும் மாதக் கடைசியில் அனுப்பும் பில்லில் தோட்டத்தின் பெயர், அமர்வுகளின் எண்ணிக்கை, தொகை மூன்று மட்டும் இருக்கட்டும்: இந்த மாதம் ஐந்து அமர்வு, 8,600 ரூபா. பெயர்ப் பதிவேடு டவுனில், மேற்பார்வையாளரும் உளவளத்துணையாளரும் மட்டும் திறக்கும் அலுமாரியில். அந்த அலுமாரியின் விலையை மேலே சேர்க்கவில்லை. ஒரு முறை வாங்கினால் போதும்.