எடை போடும் முன் ஒரு நிமிடம்... உங்கள் வீட்டு வெள்ளிச் சிமிழ் யாருடையது தெரியுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாகிறது என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். வாசலில் லாரி நிற்கும். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், துளசி மாடம், தொட்டிச் செடி என்று ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் ஏறி முடிந்ததும், பரணிலிருந்து ஒரு பழைய டிரங்குப் பெட்டி இறங்கும்.

உள்ளே பட்டுப்புடவைக்கு அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்த சின்னச் சின்னப் பொருள்கள். கறுத்துப்போன குங்குமச் சிமிழ். மூடி இறுகிப்போன சுண்ணாம்புக் கரண்டகம். ஒரு வளையத்தில் கோத்த மூன்று சிறிய குச்சிகள். அவை எதற்கென்று வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பாட்டி இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

"இதை யாரு வெச்சுக்கப் போறா? கடையில போட்டா பாப்பாவுக்கு ஒரு கொலுசாவது வரும்" என்று யாராவது சொல்வார்கள். அதோடு அந்தப் பொருள்களின் கதை முடிந்துவிடும். தராசில் ஏறும், உலையில் இறங்கும்.

இந்த ஆசை வருவதில் தவறில்லை. 2024-ல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய வெள்ளி, 2025 டிசம்பரில் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய வெள்ளி திடீரென்று பணமாகத் தெரிகிறது. ஆனால், உருக்கிவிட்டால் திரும்பி வராத ஒன்று அதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யலாமே!

வந்தவர்களின் ஊர்

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டியபோது வெளிப்பட்ட கறுப்புப் பொருள்தான் நெய்வேலியின் தலையெழுத்தை மாற்றியது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் கண்ணில் பட்டது.

சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமத்துக் குடும்பங்கள் ஒரு பக்கம். வேலைக்காகத் தஞ்சை, மதுரை, நெல்லை, கேரளம், ஆந்திரம் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் ஒன்று பொது. வீட்டைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கையில் அடங்கிய பொருளைத்தான் கொண்டுவர முடியும்.

வேலையில் இருக்கும் வரைதான் குவார்ட்டர்ஸ். ஓய்வு பெற்றால் வடலூர், கடலூர், புதுச்சேரி, சென்னை என்று மறுபடியும் ஒரு பயணம். மற்ற ஊர்களில் பாட்டி வீடு என்று ஒன்று அப்படியே இருக்கும். பல நெய்வேலிக் குடும்பங்களுக்கு அந்த இடத்தில் இருப்பது டிரங்குப் பெட்டி மட்டும்தான். அதனால்தான் அதிலிருக்கும் ஒரு சிமிழ், எடையைவிடக் கனமாக இருக்கிறது.

அந்த மூன்று குச்சிகள் என்ன?

முதலில் அந்தப் புதிருக்கு விடை. நுனி சப்பையாகக் கரண்டி போல இருப்பது குறும்பிவாங்கி, அதாவது காது குடையும் கருவி. கூராக இருப்பது பல்குத்தி. இரண்டாக மடிந்து கவ்வுவது முள்வாங்கி. செருப்பில்லாமல் வயலிலும் காட்டிலும் நடந்த காலத்தில், காலில் தைத்த முள்ளை எடுக்க இது இல்லாமல் முடியாது. அரைஞாணில் கோத்து இடுப்போடு வைத்துக்கொள்வார்கள்.

வெற்றிலைச் செல்லத்துக்குள் ஒரு குட்டி உலகமே உண்டு. பாக்குக்கு ஓர் அறை, பாக்குவெட்டிக்கு ஓர் இடம், சுண்ணாம்புக்கு மூடியிட்ட கரண்டகம். மைச்சிமிழ், சந்தனக் கிண்ணம், திருநீற்றுச் சம்புடம், மூக்குப்பொடி டப்பா, தாயத்துக் குப்பி, பெண் குழந்தைக்குக் கட்டும் அரைமூடி, இடுப்பில் செருகும் வெள்ளிச் சாவிக்கொத்து என்று பட்டியல் நீளும். வீரசைவர்கள் இஷ்டலிங்கத்தை வைத்துக் கழுத்தில் அணியும் வெள்ளிப் பேழையும் இதில் சேரும்.

இவை யாவும் பூஜை அறையிலோ ஷோகேஸிலோ இருந்தவை அல்ல. உடம்போடு ஒட்டி இருந்தவை. சிமிழின் மூடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அது தினமும் ஒரே கட்டைவிரல் பட்ட இடம்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். இரு நூற்றாண்டுகளுக்கு முன் அங்குள்ள சீமாட்டிகள் வினேகிரெட் என்ற குட்டி வெள்ளிப் பெட்டியைக் கையோடு வைத்திருந்தார்கள். வாசனை வினிகரில் நனைத்த பஞ்சு உள்ளே இருக்கும். தெருவில் துர்நாற்றம் அடித்தால் திறந்து முகர்வார்கள். வினிகர் வெள்ளியை அரிக்காமல் இருக்க உட்புறம் தங்க முலாம் பூசினார்கள். இடுப்பில் சாவி, கத்தரிக்கோல் தொங்கவிடும் கொக்கிக்கு அங்கே ஷாட்டலேன் என்று பெயர். நம் வீட்டுச் சாவிக்கொத்தின் ஒன்றுவிட்ட சகோதரி!

மகன் பெயரில் ஒரு மியூசியம்

"பாக்குவெட்டியை எல்லாம் யார் சேர்ப்பார்கள்?" என்று கேட்பவர்கள் புனேவுக்கு ஒருமுறை போய்வரலாம். அங்கே ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் இருக்கிறது.

தினகர் கேல்கர் அரசர் அல்ல. கண்ணாடிக் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். 'அக்ஞாதவாசி' என்ற பெயரில் மராத்தியில் கவிதை எழுதியவர். 1920-களில் பழம்பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். சிறு வயதிலேயே இறந்துபோன தன் மகன் ராஜாவின் நினைவாகத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். மனைவி கமலாபாயும் உடன் நின்றார். விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி, சீப்பு, பேனா, மைக்கூடு என்று பிறர் தூக்கி எறிந்தவையே அவருக்குப் பொக்கிஷம். இன்று அந்தத் தொகுப்பில் 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. பின்னர் அதை மகாராஷ்டிர அரசிடமே ஒப்படைத்தார்.

விலை உயர்ந்ததைத் தேடாமல், அன்றாடம் புழங்கியதைத் தேடினார். எல்லோரும் உருக்கிவிட்ட பிறகு மிஞ்சியது அவரிடம்தான் இருந்தது.

மதராஸின் 'சுவாமி வெள்ளி'

பழைய வெள்ளியில் சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு. 19-ம் நூற்றாண்டில் மவுன்ட் ரோட்டின் பி.ஆர் அண்ட் சன்ஸ், கோயில் சிற்பம்போல தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கிய வெள்ளிப் பொருள்களை விற்றது. தேநீர்க் கெண்டி, தட்டு, விசிட்டிங் கார்டு வைக்கும் பெட்டி எல்லாவற்றிலும் சாமி உருவங்கள். வெள்ளைக்காரர்கள் அதை 'சுவாமி' வேலைப்பாடு என்றே அழைத்தார்கள். அதே காலத்தில் குஜராத்தின் புஜ் நகரில் ஊமர்சி மாவ்ஜி என்ற கைவினைஞர் கொடியும் மிருகங்களுமாக நுணுக்கமான வேலை செய்து, தன் பெயரின் முதல் எழுத்துகளை அடியில் பொறித்தார்.

இப்படிப் பெயர் பொறித்த பொருள்கள் ஏலத்தில் வெள்ளியின் எடை மதிப்பைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. பால் வால்டர் என்ற அமெரிக்கர் சேர்த்த இந்திய வெள்ளிப் பொருள்களை வைத்து, 2008-ல் கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியே நடத்தியது. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர் கலை வரலாற்று அறிஞர் வித்யா தெஹேஜியா.

இது வெள்ளிதானா?

முதலில் அடிப்பகுதி, மூடியின் உட்புறம், கீல் ஓரம் ஆகியவற்றைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

* நடக்கும் சிங்கம் பொறித்திருந்தால் இங்கிலாந்தின் 92.5 சதவிகித வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தை முகம் என்றால் லண்டன்.

* 'ஈ.பி.என்.எஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மேலே மட்டும்தான் வெள்ளிப் பூச்சு.

* ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது அது.

* முத்திரையே இல்லையா? பயப்பட வேண்டாம். நம் ஊர் ஆசாரிகள் பெரும்பாலும் முத்திரை போட்டதில்லை. முத்திரை இல்லாததால் போலி என்றாகிவிடாது. முத்திரை இருப்பதாலேயே அசல் என்றும் ஆகிவிடாது. போலி முத்திரைகளும் உலவுகின்றன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் சிமிழை எடை போடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்குங்கள். மூடியைத் திறந்த சிமிழை நூலில் கட்டி, அடியைத் தொடாமல், காற்றுக் குமிழி இல்லாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் எடையை வகுங்கள். எடை 62 கிராம், தண்ணீரில் காட்டியது 6 என்றால் விடை 10.3. நல்ல வெள்ளிக்கு 10.3 முதல் 10.5 வரை வரும். பித்தளைக்கும் ஜெர்மன் சில்வருக்கும் 9-க்குள்தான் வரும். உள்ளே அரக்கு அடைத்த பொருளுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

இப்போது செய்யும் புது வெள்ளிக்கு 2025 செப்டம்பர் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண்ணுடன் பி.ஐ.எஸ் ஹால்மார்க் வந்திருக்கிறது. அது கட்டாயமில்லை. பழைய சிமிழில் அதைத் தேட வேண்டாம்.

பளபளப்பாக்கிவிடாதீர்கள்

காற்றிலுள்ள கந்தகம் பட்டுத்தான் வெள்ளி கறுக்கிறது. பள்ளங்களில் படிந்த அந்தக் கறுப்புதான் வேலைப்பாட்டை எடுத்துக்காட்டும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கோடு விழும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் சேர்த்த வெந்நீரில் போட்டால் பள்ளத்தின் கறுப்பும் சேர்ந்தே போய்விடும். மிருதுவான பருத்தித் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலும் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றாமல், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. 1972-ல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5-ல் அமலுக்கு வந்த தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. "அம்மா ஞாபகமா இருக்கட்டும்" என்று பார்சலில் போட்டாலும் சிக்கல்தான். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். சிற்பங்கள், ஓவியங்கள் போன்ற சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும். வயது பற்றிச் சந்தேகம் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு அனுப்புவது நல்லது.

வெளியில் வாங்கிச் சேர்க்க நினைப்பவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் வாரத்திலேயே வாங்கிக் குவிக்காதீர்கள். பத்துச் சிமிழைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

பத்து நிமிட வேலை

கடைக்குக் கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். பொருளின் மேல், அடி, உள், கீல் என நான்கு படங்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். எடை. பிறகு, வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் போனை நீட்டி, "பாட்டி, இது யாரோடது? எந்த ஊர்ல இருந்து வந்தது?" என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிலை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி, பொருளோடு சேர்த்துச் சுற்றி வையுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள்.

அதற்குப் பிறகும் பணம் தேவை என்றால் தாராளமாக விற்கலாம். கஷ்டத்துக்கு உதவத்தான் வீட்டில் வெள்ளி சேர்த்தார்கள். நெளிந்த டம்ளர், அறுந்த கொலுசு, உடைந்த தட்டு போகட்டும். கட்டைவிரல் தேய்த்த அந்த ஒரு சிமிழை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை லாரி வாசலில் வந்து நிற்கும்போது, அதை டிரங்குப் பெட்டியில் போட வேண்டாம். பேத்தியின் கையில் கொடுங்கள். சீட்டில் இருக்கும் பெயரை அவளே படித்துக்கொள்வாள்.