வாய்க்கால் வெட்டியபின் வந்த காடு

பிச்சாவரத்துச் சுரபுன்னைக் (அலையாத்திக்) காட்டை அழித்தது யார்? விறகு வெட்டுகிறவர்களும் ஆடுமாடு மேய்க்கிறவர்களும்தான் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த பதில். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவுகளும் ஓடைகளுமாகப் பரந்திருக்கும் இந்தக் காட்டுக்குள் வெட்டவெளிகள் பெருகப் பெருக, பழி கரையோரச் சிற்றூர்களின் தலையில் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் நீரையும் ஆராய்ந்தபோது கதை மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள்வரை நீடித்த 'கூப்பு' முறையில், வனத்துறையே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடித்து மரம் எடுத்தது. மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் வற்றி மண் அமிழ்ந்தது. நிலம் தொட்டிபோல் குழிந்தது. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கி ஆண்டுக்கு ஆண்டு கூடியது. அந்த உப்பில் எந்த விதையும் பிழைக்கவில்லை. ஆடு மேய்ந்ததும் விறகு வெட்டியதும் உண்மைதான். காடு திரும்பாமல் போனதற்கு அவை முதற்காரணம் அல்ல.

காரணம் தெரிந்ததும் வைத்தியம் எளிதாயிற்று. முதலில் நீருக்கு வழி, பிறகுதான் நாற்று. இயற்கை ஓடையிலிருந்து ஒரு தாய்வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். நாளுக்கு இருமுறை ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பியது. வெண்கண்டல் நாற்றுகளை மேட்டிலும் வைக்கவில்லை, அடியிலும் வைக்கவில்லை. வாய்க்காலின் சரிவில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் மூச்சுவிடும் உயரம் பார்த்து நட்டார்கள். 1986, 2002 ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருந்தது.

மண்வெட்டி பிடித்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மன்றங்களும் சேர்ந்து திட்டமிட்டன. இந்திய–கனடா சுற்றுச்சூழல் நிதியம் பணம் தந்தது. மன்றங்களில் குடும்பத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இருவர் உறுப்பினர். பழி சுமந்தவர்களையே பங்காளிகளாக்கியதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

காட்டை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரின் இருளர் பழங்குடியினரைப் பார்த்தால் இது விளங்கும். வலையோ படகோ இல்லாத அவர்கள், ஓடையில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே! காட்டை நம்பியே பிழைத்தும், மீனவர் கணக்கிலோ பழங்குடிக் கணக்கிலோ அவர்கள் சேர்க்கப்படவில்லை. மன்றம் அமைந்தபின் வலை, படகு, பழங்குடிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் போராடிப் பெற்றார்கள். சோற்றுக்கு வழி சொல்லாமல் காட்டைக் காக்கச் சொல்வது அநியாயம். இங்கே இரண்டும் ஒன்றாக நடந்தன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பிச்சாவரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இந்தக் கரையை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை, கடலோரத்தில் திறந்து கிடந்த இரண்டு ஊர்கள் முற்றாக அழிந்ததையும், அலையாத்திக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் தப்பியதையும் பதிவு செய்தது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரிதும் காத்தன என்று பிற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. காட்டுக்குப் பின்னால் உயிர்பிழைத்த ஊர்கள் மட்டும் தங்கள் பதிலில் உறுதியாக இருக்கின்றன.

இதே மாவட்டத்தில் இன்னொரு வளர்ச்சியும் உண்டு. கடலூர் முதுநகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகள் வந்தன. வேலையும் வந்தது, காற்றிலும் ஆற்றிலும் நாற்றமும் வந்தது. திட்டம் போடும்போது யாரும் கேட்காத சுற்றுவட்டாரக் கிராமத்தினர், 2004இல் தாங்களே குழு அமைத்து, பிளாஸ்டிக் வாளியில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிச்சாவரத்தில் தொடக்கத்திலேயே கிடைத்த இடத்தை இவர்கள் சண்டை போட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிச்சாவரம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முத்துப்பேட்டையிலும் ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களிலும் மீன்முள் வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் அலையாத்தி நடும் வேலையை மாநில அரசு இப்போது பெரிய அளவில் கையில் எடுத்திருக்கிறது. நடுவிழாவுக்குப் பந்தல் போடலாம், படம் எடுக்கலாம். வாய்க்கால் தூர்வாருவதற்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. ஆனால் ஓதம் கொண்டுவரும் வண்டல் சில ஆண்டுகளிலேயே வாய்க்காலை மூடிவிடும். மூடினால் உப்பு பழையபடி ஏறும். ஆகவே, நாற்றுக்கு ஒதுக்கும் பணத்தோடு தூர்வாரும் கூலியையும் ஆண்டுதோறும் ஒதுக்கி, அந்த வேலையை வாய்க்கால் வெட்டிய கிராம மன்றங்களிடமே கொடுக்க வேண்டும்.